புதிய கூஸ் பழைய கூட்டத்தோடு சேரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வாங்கி வந்த கூஸ் வாத்துகளைக் கொல்லைப்புறத்துக் கூட்டத்தோடு சேர்க்கும்போது வரும் தொல்லைகள் பலவிதமாகத் தெரியும். ஆனால் அவற்றின் வேர்கள் சில மட்டுமே: இடம் போதாமை, ஆண்களின் எண்ணிக்கை, ஏற்கெனவே உள்ள ஜோடிப் பிணைப்பு, பொருந்தாத பருவம், மறைந்து வந்த நோய். எந்தப் பறவையையும் முரடு என்று சொல்லிக் கழித்துவிடுவதற்கு முன் இந்த ஐந்தையும் பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முரடு என்று பெயர் வாங்கிய கூஸ்களில் பெரும்பாலானவை தம் துணையையோ தம் மூலையையோ காத்து நின்றவைதான்.

இங்கே ‘கூஸ்’ என்று எழுதுவது நீண்ட கழுத்துள்ள பெரிய இனத்தை. ‘வாத்து’ என்று எழுதுவது அதைவிடச் சிறிய சாதாரண வாத்துகளையும் மணிலா வாத்துகளையும். பலர் இரண்டையும் கலந்தே வளர்ப்பதால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

சேர்க்கைக்கு நான்கு படிகள் உண்டு. முதற்படி தனிமை. புதியவை 30 நாள் வேறு இடத்தில், வேறு தொட்டிகளோடு, பழைய கூட்டத்தின் மூச்சும் எச்சமும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் படியில் கம்பி வலைக்கு இருபுறமும் நின்று ஒன்றையொன்று பார்க்கின்றன. இதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். மூன்றாம் படியில் பகலில், உங்கள் கண் முன்னால், சேர்ந்து மேய்கின்றன. இரவில் தனித்தனி அடைப்பு. நான்காம் படியில்தான் இரவும் ஒரே கொட்டகை.

கீழே சொல்லப்போகும் சண்டை சச்சரவுகள் எல்லாவற்றுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: ஒரே ஒரு படி பின்னே போவது. மூன்றாம் படியில் ரத்தம் வந்தால் வலைக்குத் திரும்புங்கள். கண்ணுக்கு எட்டாத தனிமைக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். அப்படிச் செய்தால் அதுவரை உண்டான அறிமுகம் அழிந்துபோய், அடுத்த முறையும் அது அந்நியப் பறவையாகவே உள்ளே வரும். வாங்கிய அன்று மாலையே கூட்டத்துக்குள் விட்டுவிட்டவர்கள் மட்டும், மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, மூச்சுத்திணறல், திடீர்ச் சாவு பற்றிய பகுதியை முதலில் படியுங்கள்.

இன்னொன்று. பழைய கூட்டம் முட்டையிட்டுக்கொண்டிருந்தாலோ, ஏதேனும் ஒன்று அடையில் இருந்தாலோ, வலைப் படியிலேயே நின்றுகொள்ளுங்கள். கூஸ் முட்டை பொரிய 28 முதல் 32 நாள் ஆகும்; அத்தனை நாளும் ஆண் கூஸ் கூட்டுக்குக் காவல். அந்தச் சமயத்தில் உள்ளே நுழையும் எந்தப் புதுப் பறவையும் அதற்கு எதிரிதான். பருவம் முடிந்து அதே ஆண் சாந்தமாகும்போது பாதி வேலை தானாகவே முடிந்துவிடும்.

அறிகுறி: விட்ட நிமிடமே சீறல், துரத்தல், கடி

இது ஓரளவு நடந்தே தீரும். எது பேச்சு, எது அடிதடி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

கழுத்தைத் தாழ்த்தித் தரைக்கு இணையாக நீட்டி, அலகைத் திறந்து சீறுவது எச்சரிக்கை. ‘தள்ளிப் போ’ என்பதே அதன் பொருள். புதியது நாலடி விலகியதும் பழையது நின்றுவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு அது தன் துணையிடம் வேகமாகத் திரும்பி வந்து, இரண்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு சேர்ந்து உரக்கக் கத்தும். கேட்பவருக்குப் பெரிய கலவரம் போலத் தோன்றும். ஆனால் அது சண்டை முடிந்ததைக் கொண்டாடும் ஆரவாரம். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கொன்ராட் லோரன்ஸ், சாம்பல் கூஸ்களிடம் இந்த வெற்றி முழக்கத்தை விரிவாக ஆராய்ந்தவர். கூட்டத்துக்குள் யார் யாருக்கு உறவு என்பதைக் காட்டுவதே இந்த முழக்கம்தான். சத்தம் கேட்ட உடனே குச்சியோடு ஓடிப்போய்க் கலைத்தால், முடிந்த வழக்கை நாமே மறுபடி திறந்துவிடுகிறோம்.

அடிதடி வேறு மாதிரி இருக்கும். அலகு எதிரியின் கழுத்து அடியையோ தோள் இறகையோ பற்றிக்கொண்டு விடாது. மார்போடு மார்பு முட்டி, இறக்கை மடியும் இடத்தில் உள்ள எலும்புப் புடைப்பால் மாறி மாறி அடித்துக்கொள்ளும். ஈரத்துணியைக் கல்லில் துவைப்பது போன்ற சத்தம் கேட்கும். சம பலமுள்ள இரண்டு ஆண்களுக்குள் இதுவும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவது உண்டு. ஒன்று முதுகைத் திருப்பிக்கொண்டு நடக்கும்; மற்றது விட்டுவிடும். விழுந்தது எழ முடியாமல் அமுக்கப்பட்டால், இரண்டு சேர்ந்து ஒன்றை அடித்தால், ரத்தம் தெரிந்தால், அடி கண்ணருகே விழுந்தால், அடி வாங்குவதற்கு ஓட வழியே இல்லாமல் போனால் உடனே நுழையுங்கள்.

நுழையும்போது தலைகளுக்கு நடுவே கையை விடக் கூடாது. ஒரு ஒட்டுப்பலகைத் துண்டை இடையே செருகுங்கள். ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போனாலே பிடி தளரும். தூக்க வேண்டியிருந்தால் பின்னாலிருந்து இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து, அடிவயிற்றுக்குக் கீழே கை கொடுத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் பார்க்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். காலைப் பிடித்தோ இறக்கையைப் பிடித்தோ தூக்கவே கூடாது. இவற்றின் கால்கள் அந்தப் பளுவைத் தாங்கும்படி அமைந்தவை அல்ல.

சரிசெய்ய வேண்டியது பெரும்பாலும் இடத்தைத்தான். அடைப்பை ஒரு சுற்றுச் சுற்றி, துரத்தப்படும் பறவை எங்கே ஓடும், அங்கிருந்து எப்படி வெளியேறும் என்று பாருங்கள். வெளியேற வழி இல்லாத ஒவ்வொரு மூலையையும் சாய்வாகப் பலகை வைத்து மழுக்குங்கள். நடுவே வைக்கோல் கட்டுகளையோ தகரத் துண்டுகளையோ நிறுத்தி, இருபக்கமும் திறந்த மறைப்புகளை உண்டாக்குங்கள். கண்ணில் படாத பறவையைக் கூஸ் அதிக தூரம் துரத்துவதில்லை. எத்தனை கும்பல் இருக்கிறதோ அதைவிட ஒன்று கூடுதலாகத் தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் வையுங்கள். ஒன்றுக்கொன்று 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

உள்ளே விடும் வரிசைக்கும் பெரிய பங்கு உண்டு. பழையவை நிற்கும் அடைப்புக்குள் புதியவற்றைக் கொண்டுபோய் விடுவதுதான் எல்லாரும் செய்வது, அது தலைகீழ். முதலில் பழையவற்றை வேறு பக்கம் ஒதுக்கிவிட்டு, புதியவற்றை அந்த இடத்தில் சில மணி நேரம் உலவ விடுங்கள். ஒளிய இடம், தண்ணீர், வாசல் எல்லாம் அவற்றுக்குப் பழகிய பிறகு பழையவை வரட்டும். இரு தரப்புக்கும் புதிதான புல்வெளி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. நேரம், மாலை அடைப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு. பசியோடு புல்லில் தலை கவிழ்ந்தவை சண்டைக்கு அவ்வளவாக நிமிர்வதில்லை. இருட்டியதும் இயல்பாகவே பிரித்து அடைத்துவிடலாம்.

கோழி வளர்ப்பவர்கள் சொல்லும் ‘ராத்திரியில் கமுக்கமாகக் கொட்டகைக்குள் விட்டுவிடு’ என்ற உத்தியை இவற்றிடம் முயல வேண்டாம். கோழி இருட்டில் செயலற்றுப் போகும். கூஸும் வாத்தும் இரவிலும் விழிப்பாக இருப்பவை. பூட்டிய கொட்டகைக்குள் நடப்பதைத் தடுக்க அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அறிகுறி: ஒரே பறவை மட்டும் ஓயாமல் குறிவைக்கப்படுகிறது

முதல் இரண்டு மூன்று நாள் எல்லாவற்றையும் துரத்துவது இயல்பு. அதற்குப் பிறகும் ஒன்று மட்டும் தீவனத்தை அண்ட முடியாமல், பின்கழுத்தில் இறகு பிய்ந்து, வேலியோரமே நின்றால் அது தானாகத் தீராது.

இங்கே பெரும்பாலோர் இரக்கப்பட்டு அடிபட்டதைத் தூக்கித் தனியே வைக்கிறார்கள். காயம் இருந்தால் வேறு வழியில்லை. காயம் இல்லையென்றால் வெளியே போக வேண்டியது அடிப்பதுதான். அதை மூன்று நான்கு நாள் கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அது இல்லாத நாள்களில் மற்றவை புதியதோடு பழகிவிடும். அது திரும்பி வரும்போது, ஏற்கெனவே அமைந்துவிட்ட கூட்டத்துக்குள் தானே நுழைய வேண்டிய நிலையில் இருக்கும். முன்பிருந்த துணிவு அதற்கு இருக்காது. திரும்பியதும் பழைய கதையே தொடர்ந்தால், அடுத்த முறை பத்து நாள் வலைக்கு அந்தப் பக்கம்.

அடிபடுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாதத்தின் அடியில் கறுத்த வீக்கம் இருக்கிறதா, ஒரு கண் மங்கலாக இருக்கிறதா, மார்பெலும்பு கத்தி முனை போலக் கைக்குத் தட்டுகிறதா? நாம் கவனிக்காத நலிவைக் கூட்டம் முதலில் கண்டுகொள்கிறது. அப்படியானால் தொல்லை சேர்க்கையில் இல்லை, உடம்பில் இருக்கிறது.

அது ஒற்றையாக வாங்கப்பட்டதா என்பதையும் யோசியுங்கள். கூஸ்கள் ஜோடியும் குடும்பமுமாக வாழ்பவை. பக்கத்தில் நின்று கத்த ஓர் ஆள் இல்லாத பறவைக்குக் கூட்டத்தில் இடம் கிடைப்பது கடினம். புதிதாக வாங்குவோர் ஒரே இடத்தில் ஒன்றாக வளர்ந்த இரண்டையாவது சேர்த்து வாங்குவது நல்லது. ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டால், பழைய கூட்டத்தில் மிகச் சாதுவான ஒன்றைப் பிரித்து, வலைக்கு இந்தப் பக்கம், புதியதோடு ஒரு வாரம் தங்கவிடுங்கள். இரண்டும் ஜோடி சேர்ந்து திரும்பிப் போனால், பழையதன் செல்வாக்கில் புதியதும் உள்ளே போய்விடும். இந்த முறையை நான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புகிறேன்.

அறிகுறி: பெட்டை என்று வாங்கியதோடு ஆண் கூஸ் ஓயாமல் மோதுகிறது

முதலில் சந்தேகப்பட வேண்டியது வாங்கியது பெட்டைதானா என்பதை. கூஸ்களில் பல இனங்களில் ஆணும் பெட்டையும் பார்வைக்கு ஒரே மாதிரி. விற்பவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். குரலைக் கேளுங்கள்: ஆணின் குரல் உச்சத்தில், கீச்சென்று இருக்கும், பெட்டையின் குரல் தடித்து, அடித்தொண்டையிலிருந்து வரும். சீன கூஸ், ஆப்பிரிக்க கூஸ் இனங்களில் ஆணின் அலகு தொடங்கும் இடத்திலுள்ள நெற்றிப் புடைப்பு பெரிது. பில்கிரிம் இனத்தில் வேலை எளிது: வளர்ந்த ஆண் வெள்ளை, பெட்டை சாம்பல். மற்றபடி உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆசனவாயைத் திறந்து பார்க்க வேண்டும்; கை பழகியவரோ கால்நடை மருத்துவரோ செய்யட்டும், தெரியாமல் அழுத்தினால் காயமாகும்.

ஆண் என்று தெரிந்தால் கணக்கைப் பாருங்கள். எம்டன், துலூஸ் போன்ற கனத்த இனங்களில் ஓர் ஆணுக்கு இரண்டு முதல் நான்கு பெட்டை. சீன கூஸ் போன்ற இலகுவான இனங்களில் நான்கைந்து வரை. இந்தக் கணக்கு இல்லாமல் இரண்டு ஆண்களை ஒரே அடைப்பில் வைத்தால் முட்டைப் பருவம் தொடங்கும் நாளில் சமாதானம் முடிந்துவிடும். சிறு வயதிலிருந்தே சேர்ந்து வளர்ந்த ஆண்கள் சில சமயம் ஒத்துப்போகும். நடுவில் வந்து சேர்ந்தவை அரிது. பெட்டைகள் போதுமான அளவு இருந்து, தனித்தனி மேய்ச்சல் பக்கமும் இருந்தால் இரண்டு குடும்பங்களாகப் பிரிந்து வாழும். இல்லையென்றால் ஓர் ஆணை வேறு நல்ல இடத்துக்குக் கொடுத்துவிடுவதே இரண்டுக்கும் நல்லது.

உண்மையிலேயே பெட்டையாக இருந்தும் ஆண் விரட்டினால், அதற்கு ஏற்கெனவே துணை இருக்கிறது என்று பொருள். துணையை இழந்த கூஸ்கூட உடனே புதியதை ஏற்பதில்லை. மாதக்கணக்கில் தனியே நிற்பதும் உண்டு. இரண்டையும் ஒரு சிறிய கூண்டில் சேர்த்து அடைத்து ‘பழக்கிவிடலாம்’ என்று முயல்வது கொடுமை. அகலமான இடமும் நாள்களும் கொடுத்தால் போதும்.

அறிகுறி: புதியது நாள் முழுவதும் அலறுகிறது, வேலியோரமே நடக்கிறது

அது யாரையோ கூப்பிடுகிறது. விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதனோடு எப்போதும் சேர்ந்து திரிந்தது எது? துணையைப் பிரித்து வாங்கிவிட்டீர்கள் என்று தெரிந்தால் அந்த இன்னொன்றையும் வாங்கிவிடுவதுதான் நேர்மையான தீர்வு. முடியாதென்றால் பழைய கூட்டத்தைக் கண்ணால் பார்க்கும்படி இடம் மாற்றுங்கள். தனிமைக்காலத்திலும் இதைச் செய்யலாம்; நோயைத் தடுக்க வேண்டியது தூரம்தான், மறைப்பு அல்ல. குரல் கேட்கிற, உருவம் தெரிகிற தூரத்தில் கூட்டம் இருந்தால் அலறல் சில நாள்களில் குறையத் தொடங்கும்.

மனிதர் கையில் வளர்ந்த கூஸாக இருந்தால் அது கூப்பிடுவது உங்களையாக இருக்கலாம். பொரிந்தவுடன் முதலில் பார்த்தவரைத் தாயாகப் பதித்துக்கொள்ளும் இயல்பு இவற்றுக்கு வலுவானது. நீங்கள் பழைய கூட்டத்தின் நடுவே போய் உட்கார்ந்து தீவனம் போடுங்கள். அது உங்களைத் தேடி வந்து, அவற்றின் அருகே மேயப் பழகும். பிறகு ஒவ்வொரு நாளும் சற்று முன்னதாக எழுந்து வந்துவிடுங்கள்.

அறிகுறி: சாப்பிடவில்லை, எச்சம் கரும்பச்சையாகத் தண்ணீராகப் போகிறது

பச்சை எச்சத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். புல் மேய்ந்த கூஸின் எச்சம் எப்போதும் பச்சைதான். புல்லும் தீவனமும் உள்ளே போகாமல் பச்சைத் தண்ணீர் மட்டும் வந்தால் அது வெறும் பித்தநீர். பட்டினி கிடக்கிறது என்று பொருள். பயணக் களைப்பில் முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டாம் நாளும் அப்படியே இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இடையில் பார்க்க வேண்டியவை: பழைய இடத்தில் தின்ற அதே தீவனம் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக உங்கள் தீவனத்தோடு கலந்து மாற்றுங்கள். தண்ணீர்த் தொட்டி கண்ணும் மூக்குத் துளையும் முங்கும் ஆழத்தில் இருக்க வேண்டும். ஆழமில்லாத தட்டில் குடிக்கும் பறவைக்கு மூக்கு அடைத்து, கண்ணில் பீளை கட்டி, அதுவே நோய் போலத் தோன்றும். தீவனத்தைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இவை ஒரு வாய் தின்றால் ஒரு வாய் குடிக்கும். முட்டைக்கோழித் தீவனம் முட்டையிடாத பறவைக்கும் வளரும் குஞ்சுக்கும் ஏற்றதல்ல. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சேர்த்த பிறகு மெலிந்தால் காரணம் வேறு: தொட்டியருகே யாரோ காவல் நிற்கிறார்கள். மாலையில் கையில் எடுத்து மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். வாரம் ஒரு முறை தராசில் நிறுத்திக் குறித்துவைத்தால் சந்தேகமே இராது. இறகுக்குள் மெலிவு தெரியாது, கைக்குத் தெரியும்.

அறிகுறி: புதிய கூஸ் உங்கள் வாத்துகளை மிரட்டுகிறது

கனத்த இன ஆண் கூஸ் 9, 10 கிலோ வரை வரும். சாதாரண வாத்து 2, 3 கிலோதான். சண்டையாக இல்லாமல் வெறும் தள்ளுமுள்ளாக இருந்தாலும் வாத்துக்கு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீரில். இணைசேரும் வேகத்தில் ஆண் கூஸ் ஒரு பெட்டை வாத்தின் மேல் ஏறி அமுக்கினால் வாத்து மூழ்கிச் சாகும். ஆண் கூஸ் வாத்துகளைச் சுற்றியே திரிகிறது, அவற்றின் பின்கழுத்தைப் பிடிக்கிறது என்றால் அன்றே குளத்தைப் பிரித்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். அதற்குத் தன் இனத்துப் பெட்டைகள் கிடைக்கும்வரை வாத்துகளோடு தண்ணீரில் விடக் கூடாது.

தீவனத் தகராறு மட்டும் என்றால் வேலியின் அடியில் ஒரு தாழ்வான வழி வெட்டுங்கள்: வாத்து குனிந்து நுழையலாம், கூஸ் நுழைய முடியாது என்ற உயரம். அந்தப் பக்கம் வாத்துகளின் தீவனமும் தண்ணீரும் நிழலும். வாத்துகள் ஒரே நாளில் அதைக் கண்டுபிடித்துவிடும்.

நேர்மாறாகவும் நடக்கும். ஆண் மணிலா வாத்துகளுக்குக் கூர்நகங்களும் நல்ல பலமும் உண்டு. இளம் கூஸ்களின் முதுகில் கீறல் தெரிந்தால் அங்கேதான் தேட வேண்டும்.

அறிகுறி: குளத்தில் இறங்கியதும் நனைந்து, கனத்துத் தாழ்கிறது

வால் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எண்ணெயை எடுத்து இறகில் பூசிக்கொள்வதால்தான் இவை நனைவதில்லை. முன்பு இருந்த இடத்தில் குளிக்கத் தண்ணீர் இல்லாமல், சேற்றிலும் எச்சத்திலும் கிடந்த பறவைக்கு அந்தப் பூச்சு கெட்டிருக்கும். ஆழமான குளத்தில் விட்டால் தண்ணீர் உள்ளிறங்கி, குளிரில் நடுங்கி, கரையேற முடியாமல் மூழ்கக்கூட நேரும்.

உடனே கரையேற்றித் துடைத்து, காற்றடிக்காத இடத்தில் உலர்த்துங்கள். இரண்டு மூன்று வாரம் நிற்கக்கூடிய ஆழமுள்ள தொட்டியில் சுத்தமான தண்ணீரில் தினமும் குளிக்க விடுங்கள். மேலே விட்ட துளி உருண்டு ஓடத் தொடங்கினால் குளத்துக்குத் தயார். பேன் இருக்கிறதா என்று ஆசனவாயைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் பாருங்கள்; பேன் அரித்த இறகும் தண்ணீர் தாங்காது.

அறிகுறி: மூச்சுத்திணறல், மந்தம், திடீர்ச் சாவு

இங்கே படி பின்னே போவது, வலை வைப்பது எதுவும் உதவாது. புதியவற்றையும் அவற்றோடு சேர்ந்தவற்றையும் இருந்த இடத்திலேயே நிறுத்துங்கள். யாருக்கும் விற்காதீர்கள், கொடுக்காதீர்கள். மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

நீர்ப்பறவைகளின் தனித்தன்மை, நோயைச் சுமந்தும் நலமாகத் தெரிவது. பறவைக் காய்ச்சல் வைரஸ் வாத்துகளிடம் வெளியே தெரியாமல் இருக்கலாம். வாத்து பிளேக் என்ற நோய் ஹெர்ப்பிஸ் வகை வைரஸால் வருவது. தொற்றிய 3 முதல் 7 நாளில் வெளிப்படும். பிழைத்த பறவை பின்னாளில் மற்றவற்றுக்குப் பரப்பவும் கூடும். வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வது, தாகம், தலை தொங்குவது, ரத்தம் கலந்த கழிச்சல், செத்த ஆணின் உறுப்பு வெளியே தள்ளியிருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். கூஸ் பார்வோ வைரஸ் வளர்ந்தவற்றிடம் ஒன்றும் காட்டாமல், ஒரு மாதத்துக்கு உட்பட்ட கூஸ் குஞ்சுகளையும் மணிலா வாத்துக் குஞ்சுகளையும் கொல்லும். பறவைகள் அடுத்தடுத்துச் செத்தால் கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. செத்ததை வெறும் கையால் தொடவோ, குளத்தில் எறியவோ கூடாது.

30 நாள் தனிமை எதற்கென்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. அந்த நாள்களில் தினமும் பழைய கூட்டத்துக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டு, புதியவற்றிடம் கடைசியாகப் போங்கள். அங்கே போக வேறு செருப்பு, வேறு வாளி. எச்சத்தைச் சோதிக்கக் கொடுத்து, குடற்புழு இருந்தால் மருந்து கொடுத்து முடித்துவிடுங்கள். கூஸின் அரைவைப்பையைத் துளைத்து வாழும் புழு இளம் கூஸ்களை மெலியவைத்துக் கொல்லக்கூடியது.

தனிமையில் இருக்கும்போதே, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் படுக்கையை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த வைக்கோலின் வித்துகள் நுரையீரலில் இறங்கியிருக்கலாம். அவசரமாகத் தயாரித்த கொட்டகையில், எங்கோ கிடந்த பழைய வைக்கோலைப் பரப்பும்போது இது நேர்கிறது. வைக்கோல் மாற்றினால் புதிதாக வருவது நிற்கும்; வந்ததற்கு மருத்துவர்தான்.

அறிகுறி: நொண்டல்

வந்த அன்றே என்றால் காலைப் பிடித்துத் தூக்கியிருப்பார்கள். மெத்தென்ற படுக்கையும் ஓய்வும் சில நாள் போதும். பாதத்தில் கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால் சீழ்க்கட்டி, மருத்துவரிடம் காட்டுங்கள். குஞ்சுகளின் கால் வளைந்து தள்ளாடினால் நயாசின் என்ற பி3 வைட்டமின் குறைவு. கோழிக்குஞ்சைவிட இவற்றுக்கு அது அதிகம் தேவை. கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் தின்பவற்றுக்குக் குறைந்துபோகும். ஈஸ்ட் கலந்து கொடுப்பது வழக்கம்.

அறிகுறி: குஞ்சுகளைப் பெரியவை ஏற்கவில்லை

வளர்ந்த கூஸ்கள், ஆண்கள் உட்பட, அந்நியக் குஞ்சுகளைத் தத்தெடுத்துக் காப்பது உண்டு. அதை நம்பிப் பிறந்த வாரமே உள்ளே விடாதீர்கள். அதே கூட்டத்தின் ஆண் வாத்து ஒன்று போதும், ஒரு குஞ்சு மிதிபட்டுச் சாக. முதுகில் இறகு மூடும்வரை, அதாவது 6 முதல் 8 வாரம்வரை, வலைக்கு அந்தப் பக்கமே வளரட்டும். வலைக்கண் சிறிதாக இருக்க வேண்டும்; குஞ்சுகள் தலையை நுழைத்துக்கொண்டு சிக்கிக்கொள்ளும். பெரிய கூஸ் ஒன்று அந்த வலையோரமே படுக்க ஆரம்பித்தால் அதைத்தான் முதலில் குஞ்சுகளோடு சேர்க்க வேண்டும். காவல் கிடைத்துவிட்டது.

இடமாற்றத்தால் புதிய பெட்டைகளும் கலவரத்தால் பழையவையும் முட்டையை நிறுத்துவது உண்டு. இதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சிலது அடுத்த பருவத்தில்தான் தொடங்கும்.

சேர்ந்துவிட்டன என்று எப்படித் தெரியும்?

வலையோரமாகவே கண்டுகொள்ளலாம். இரு தரப்பும் வலைக்கு அருகே, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, இறகு கோதுகின்றனவா? ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தலையை முதுகில் செருகித் தூங்குகின்றனவா? எதிரியின் முன் எந்தக் கூஸும் கண்ணை மூடாது. இதைப் பார்த்த பிறகே வேலியைத் திறங்கள். நாள்கணக்கை மட்டும் வைத்துத் திறக்காதீர்கள்.

சேர்ந்து மேயத் தொடங்கிய ஆறு வாரத்துக்குப் பிறகும் புதியவை இருபதடி தள்ளியே மேய்ந்து, ஆனால் தின்று, குளித்து, எடை குறையாமல் இருந்தால், அது தோல்வியல்ல. அவை இரண்டு கும்பலாக இருக்க முடிவு செய்துவிட்டன. இரண்டு வாசல், இரண்டு தொட்டி கொடுத்து அப்படியே விட்டுவிடுங்கள். எடை குறைந்துகொண்டே போனாலோ, காயம் திரும்பத் திரும்ப வந்தாலோ நிரந்தர வேலி போடுங்கள். வேலியின் அடிப்பகுதியில் இரண்டடி உயரத்துக்குத் தகரமோ பலகையோ அடித்துவிட்டால், ஆண்கள் நாள் முழுவதும் வலைக்கு இருபுறமும் முட்டிக்கொண்டு அலகைப் புண்ணாக்கிக்கொள்வது நிற்கும்.